பழைய கணினிக்கு மாற்று ரேம்: எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், காலைப் பார்த்து வாங்குங்கள்

முதன்முதலாக ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினி ஒன்றைப் பழுதுபார்த்தபோது 4116 என்ற ரேம் (நினைவக) சிப்புகள் எட்டைக் கொன்றேன். பழையவற்றை அல்ல, புதிதாக வாங்கியவற்றை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பழைய எட்டையும் கழற்றினேன். சாக்கெட் பற்றவைத்தேன், புதியவற்றை வரிசையாகச் சொருகினேன், சுவிட்சைப் போட்டேன். திரையில் அதே கோடுகள். அரை நிமிடத்தில் சிப்பின் மேல் விரல் வைக்க முடியவில்லை. வாங்கியதில் தவறில்லை, எண் சரி, வேகம் சரி. சிப்பின் 1ஆம் காலுக்கு (பின்னுக்கு) வரவேண்டிய மைனஸ் 5 வோல்ட் வரவே இல்லை. அதை அளந்து பார்க்க எனக்குத் தோன்றவும் இல்லை.

அன்றிலிருந்து சிப் வாங்குவது என் பட்டியலில் கடைசி வேலை. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரை வந்த கணினிகளில் இருக்கும் 16 கால் டைனமிக் ரேம் சிப்புகளைப் பற்றியே இங்கே பேசுகிறேன். 1977இல் வந்த ஆப்பிள் 2, 1981இல் வந்த ஐபிஎம் பிசி, 1982இல் வந்த ஸ்பெக்ட்ரம், அதே ஆண்டு வந்த கொமடோர் 64 எல்லாம் இந்தக் குடும்பம்தான். உதாரணங்கள் பெரும்பாலும் கடைசி இரண்டிலிருந்து வரும், என் மேசைக்கு அதிகம் வந்தவை அவை.

படி 1: குற்றவாளி ரேம்தானா?

இந்தக் காலத்துச் சிப்புகளில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிட்டைத்தான் தரும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் வேண்டும், அதனால் எட்டு சிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று செத்தால் ஒவ்வொரு பைட்டிலும் அதே இடத்துப் பிட் கெடும். இது நமக்குச் சாதகம், ஏனென்றால் பழுதே தன் முகவரியைச் சொல்லிவிடுகிறது.

ஸ்பெக்ட்ரத்தில் இது கண்ணுக்கே தெரியும். திரையில் தெரியும் படம் கீழ் 16கே (கிலோபைட்) நினைவகத்தில்தான் இருக்கிறது. ஒரு பைட் என்பது திரையில் பக்கவாட்டில் எட்டுப் புள்ளி. ஒரு சிப் கெட்டால் எட்டுப் புள்ளிக்கு ஒன்று வீதம் மேலிருந்து கீழாகக் கோடு விழும். எட்டில் இடது ஓரத்துப் புள்ளி 7ஆம் பிட், வலது ஓரம் 0. கோடு எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்தாலே, போர்டில் ஐசி6 முதல் ஐசி13 வரையுள்ள எட்டில் எந்தப் பிட்டின் சிப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

48கே ஸ்பெக்ட்ரத்தின் மேல் 32கே கெட்டால் இப்படி எதுவும் தெரியாது. கணினி நல்லபடியாகத் துவங்கும், ஆனால் தன்னை 16கே என்று நினைத்துக்கொள்ளும். ‘பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733’ என்று அடித்துப் பாருங்கள். 65535 என்று வந்தால் நலம். 32767 என்று வந்தால் ஐசி15 முதல் ஐசி22 வரையுள்ள மேல் வரிசையிலோ, அதற்கு முகவரி கொண்டுபோகும் சிப்புகளிலோ கோளாறு.

கொமடோர் 64 நன்றாக இருந்தால் 38911 பைட் காலியாக இருப்பதாகச் சொல்லும். அதைவிடக் குறைந்தால் ரேமைப் பாருங்கள். முழுக் கறுப்புத் திரை வந்தால் உடனே ரேமுக்குப் போகாதீர்கள். அந்தக் கணினியில் பிஎல்ஏ என்ற, எந்தச் சிப் எப்போது பேசவேண்டும் என்று தீர்மானிக்கும் சிப் கெட்டாலும் கறுப்புத் திரைதான், அது கெடுவதும் அபூர்வமல்ல. ‘டெட் டெஸ்ட்’ என்ற சோதனைக் கார்ட்ரிட்ஜ் கிடைத்தால் திரை எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணியே எந்தச் சிப் என்று சொல்லிவிடலாம். ஐபிஎம் பிசி இன்னும் நேர்மையானது: 201 என்ற பிழை எண்ணுக்கு முன்னால் எந்த வரிசை, எந்தப் பிட் என்பதையும் காட்டும். அதில் ஒரு வரிசைக்கு எட்டல்ல, ஒன்பது சிப்புகள். ஒன்பதாவது பாரிட்டி என்ற சரிபார்ப்புப் பிட்டுக்கு. வாங்கும்போது அதையும் கணக்கில் சேருங்கள்.

கையால் செய்யும் சோதனைகள் இரண்டு. துவங்கி ஒரு நிமிடத்தில் எட்டையும் தொட்டுப் பாருங்கள். ஏழு வெதுவெதுப்பாகவும் ஒன்று சுடச்சுடவும் இருந்தால் கிட்டத்தட்ட முடிந்தது கதை. (விரலைப் பொத்திக்கொண்டு தொடுங்கள், சில சமயம் நிஜமாகவே சுட்டுவிடும்.) இன்னொன்று, நல்ல சிப் ஒன்றைச் சந்தேகச் சிப்பின் முதுகில் கால் மேல் கால் படும்படி ஏற்றி உட்காரவைப்பது. மின்சாரத்தை அணைத்துவிட்டு ஏற்றுங்கள், பிறகு போடுங்கள். கீழே உள்ளது வெறுமனே ஊமையாகிவிட்டிருந்தால் மேலே உள்ளது பேசும், கணினி எழுந்துவிடும். கீழே உள்ளது உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால் மேலே எதை ஏற்றினாலும் எழாது. அதனால் இந்தச் சோதனையில் தேறினால் நம்பலாம். தேறாவிட்டால் ஒன்றும் நிரூபணமில்லை.

படி 2: கொன்றது யார்?

நான் தவறவிட்ட படி இது.

4116க்கு மூன்று வோல்டேஜ் வேண்டும். 8ஆம் காலில் +12, 9ஆம் காலில் +5, 1ஆம் காலில் −5. தரை 16ஆம் காலில். இவற்றில் −5 முதலில் வரவேண்டும், கடைசியாகப் போகவேண்டும் என்று டேட்டாஷீட்டுகள் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்கள்) சொல்கின்றன. −5 இல்லாமல் 12 மட்டும் வந்தால் சிப் கொதித்துச் சாகும். அன்று என் மேசையில் நடந்தது அதுதான்.

ஸ்பெக்ட்ரத்தில் 12, −5 இரண்டையும் உண்டாக்குவது ஒரு சின்ன மாற்றிச் சுற்று: ஒரு சுருள், டிஆர்4, டிஆர்5 என்று இரண்டு டிரான்சிஸ்டர்கள், சில டயோடுகள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்க இணைப்பில் எதையாவது சொருகினால் டிஆர்4 புகைந்துவிடும். அல்லது ஒரு ரேம் சிப் உள்ளே ஷார்ட் ஆகி மாற்றியை இழுத்துப் படுக்கவைக்கும். எது முதல், எது அடுத்தது என்று தெரியாதபடி இரண்டும் சேர்ந்தே செத்துக் கிடக்கும். ஆகவே சந்தேகச் சிப்புகளைக் கழற்றியபின், புதியது எதையும் சொருகாமல், காலி சாக்கெட்டில் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 16இல் வைத்து 1, 8, 9 மூன்றையும் அளங்கள். −5, +12, +5 மூன்றும் பத்து சதவீதத்துக்குள் வரவேண்டும். ஒன்று வராவிட்டாலும் சிப் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கொமடோர் 64இல் ரேமுக்கு 5 வோல்ட் மட்டுமே. அங்கே எமன் வெளியே இருக்கிறான், அந்தக் கறுப்புச் செங்கல் மாதிரியான மின்னூட்டிப் பெட்டி. உள்ளே இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் வயதாகிப் பழுதானால் வோல்டேஜ் குறையாது, ஏறும். முதலில் போவது ரேம். செருகியில் 5ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் நடுவே அளந்தால் 5க்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். ஆனால் குளிர்ந்திருக்கும்போது சரியாகக் காட்டி, அரை மணி நேரம் சூடானபின் ஏறும் பெட்டிகளும் உண்டு. நான் பழைய பெட்டியைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டேன், புதிதாகச் செய்த மின்னூட்டிதான். ஐந்து நிமிடம் அளந்துவிட்டு எட்டு சிப்பைப் பணயம் வைக்க மனம் வரவில்லை.

இன்னொரு பொறி. சாதாரண 16 கால் லாஜிக் சிப்பில் 8 தரை, 16 பிளஸ். இந்த ரேம் குடும்பத்தில் நேர் எதிர்: 8 பிளஸ், 16 தரை. லாஜிக் சிப்புகளோடு பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். சிப்பைத் திருப்பிச் சொருகினாலும் இதே காரணத்தால் ஒரே நொடியில் போய்விடும். ஓரத்தில் இருக்கும் அரைவட்டப் பள்ளத்தை இரண்டு முறை பாருங்கள்.

படி 3: முதுகில் எழுதியிருப்பதைப் படிப்பது

4116 (16கே பிட்), 4164 (64கே பிட்) என்பவை புழக்கத்தில் நிலைத்துவிட்ட பொதுப்பெயர்கள். உங்கள் போர்டில் அந்த எண்ணே இல்லாமல் இருக்கலாம். 64கே சிப்பை ஹிட்டாச்சி ஹெச்எம்4864 என்றது, ஃபுஜிட்ஸு எம்பி8264 என்றது, மாஸ்டெக் எம்கே4564, ஓகேஐ எம்எஸ்எம்3764, இன்டெல் 2164, மோட்டரோலா எம்சிஎம்6665. எல்லாம் 4164தான். 16கே மூன்று வோல்டேஜ் சிப் இன்டெல்லிடம் 2117, என்இசியிடம் வெறும் 416, ஹிட்டாச்சியிடம் 4716, ஃபுஜிட்ஸுவிடம் 8116. சோவியத் நாட்டிலும் இரண்டையும் செய்தார்கள்: கே565ஆர்யு3 என்பது 4116, ஆர்யு5 என்பது 4164. கிழக்கு ஐரோப்பாவில் இன்றும் இவை கிடைக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன.

பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்க எண் பெரும்பாலும் தேதி. 8432 என்றால் 1984ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். சிப் எண்ணையும் தேதியையும் குழப்பிக்கொண்டு, இல்லாத சிப்பைத் தேடி அலைந்தவர்கள் உண்டு.

எண் ஒத்துப்போவதுபோல் இருந்து ஏமாற்றுபவை வேறு. 6116 என்பது ஸ்டேட்டிக் ரேம் என்ற வேறு இனம், 24 கால், சம்பந்தமே இல்லை. 4416 என்பது 16கே × 4, அதாவது ஒரு நேரத்தில் நான்கு பிட் தருவது, 18 கால். 2114 என்பது கொமடோர் 64இல் நிறத்தைச் சேமிக்கும் சின்ன ஸ்டேட்டிக் சிப், அதுவும் 18 கால். மிக மோசமான ஏமாற்றுக்காரன் 4816. அதுவும் 16கே × 1, அதுவும் 16 கால், ஆனால் ஒரே 5 வோல்ட்டில் ஓடும். பிபிசி மைக்ரோவில் இருப்பது இதுதான். 1984இல் துவங்கிய ‘க்ளாஸ்’ திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தவை பிபிசி மைக்ரோக்கள். அப்படி ஒன்று யாராவது வாத்தியார் வீட்டுப் பரணில் இருந்து உங்கள் கைக்கு வந்தால், ‘16கே தானே’ என்று 4116 வாங்கிவிடாதீர்கள். எதிர்ப்பக்கமாக, 4816ஐ 4116 இருந்த இடத்தில் வைத்தால் 5 வோல்ட் கேட்கும் 8ஆம் காலில் 12 வோல்ட் ஏறும்.

கொமடோர் 64இன் பிந்தைய போர்டுகளில் எட்டுக்குப் பதிலாக இரண்டே சிப்புகள், 41464. 64கே × 4. அங்கே 4164க்கு வேலையில்லை. கணினியைத் திறக்காமல், மாடல் பெயரை மட்டும் வைத்துச் சிப் வாங்காதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

படி 4: எதற்குப் பதில் எது? கால்களின் கதை

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மாற்றுச் சிப் அட்டவணை எதுவும் மனப்பாடம் செய்யவேண்டாம்.

1973இல் மாஸ்டெக் ஒரு தந்திரம் செய்தது. முகவரியை இரண்டு பாதியாக உடைத்து, ஒரே கால்களின் வழியாக முதலில் வரிசை எண்ணையும் பிறகு நெடுவரிசை எண்ணையும் அனுப்பியது. அதனால் 16 காலே போதுமானது. 4116இல் முகவரிக்கு ஏழு கால்கள். இரண்டு முறை அனுப்பினால் 14 பிட், அதாவது 16,384 அறைகள். அடுத்த தலைமுறைக்கு இன்னொரு முகவரிக்கால் தேவைப்பட்டது. அதே நேரம் மூன்று வோல்டேஜ் போய் ஒரே 5 வோல்ட் வந்துவிட்டது. 12 வோல்ட் இருந்த 8ஆம் கால் 5 வோல்ட் ஆனது. 5 வோல்ட் இருந்த 9ஆம் கால் ஏ7 என்ற முகவரிக்கால் ஆனது. −5 இருந்த 1ஆம் கால் சும்மா இருந்தது. அதுதான் 4164, 16 பிட், 65,536 அறைகள். அதற்கும் அடுத்த 41256இல் சும்மா இருந்த 1ஆம் காலும் ஏ8 ஆகிவிட்டது. மற்ற கால்கள் இடம் மாறவே இல்லை.

ஆக 1, 8, 9 ஆகிய மூன்று கால்களைச் சமாளித்தால் பெரிய சிப்பைச் சின்னதன் இடத்தில் உட்காரவைக்கலாம்.

4116 இருந்த இடத்தில் 4164 வைப்பது இப்படி. சிப்பின் 1ஆம் காலையும் 8ஆம் காலையும் சாக்கெட்டில் நுழையாதபடி மெதுவாக வெளியே வளையுங்கள். வளைத்த 8ஆம் காலை 9ஆம் காலின் தோள்பட்டையோடு ஒரு மெல்லிய கம்பியால் பற்றவையுங்கள். போர்டில் 9ஆம் காலுக்கு ஏற்கெனவே 5 வோல்ட் வருகிறது. அதுவே இப்போது சிப்புக்கு உணவு, அதுவே ஏ7ஐ எப்போதும் 1இல் நிறுத்தும் கட்டளையும். சிப்பின் கால்பங்கு அறைகள் மட்டும் புழங்கும், மற்றவை வாழ்நாள் முழுதும் காலி. 8க்கும் 16க்கும் நடுவே சிப்பின் முதுகில் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் வைத்துவிடுவேன். 4116 போர்டுகள் 12 வோல்ட்டை நன்றாக வடிகட்டும் அளவுக்கு 5 வோல்ட்டைக் கவனித்திருக்காது, ஆனால் 4164 தன் சாப்பாட்டை எல்லாம் 5இலிருந்துதான் எடுக்கிறது.

1ஆம் காலை ஏன் வளைக்கவேண்டும், அதுதான் உள்ளே எதோடும் சேரவில்லையே என்று கேட்பீர்கள். எல்லா 64கே சிப்பிலும் அப்படியல்ல. மோட்டரோலாவின் எம்சிஎம்6664இல் 1ஆம் காலுக்கு ஒரு ரிஃப்ரெஷ் வேலை உண்டு (அது என்ன என்று அடுத்த படியில்); அதில் மைனஸ் 5 ஏறினால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசையில்லை. எந்தச் சிப்பாக இருந்தாலும் வளைத்துவிடுவது நல்லது.

இந்த மாற்றத்தைச் செய்த சிப்பும் அசல் 4116உம் ஒரே வரிசையில் கலந்து ஓடும். எட்டையும் மாற்றிவிட்டால் ரேமுக்கு −5 தேவையில்லை, இனி அது நின்றாலும் சிப் சாகாது. ஸ்பெக்ட்ரத்தில் மட்டும் 12 வோல்ட் வண்ணப் படச் சுற்றுக்கும் போகிறது, எனவே மாற்றிச் சுற்றை அப்படியே அநாதையாக விட்டுவிட முடியாது.

4164 இருந்த இடத்தில் 41256 வைப்பது இன்னும் எளிது. 1ஆம் காலை மட்டும் வளைத்து, 16ஆம் காலோடு, அதாவது தரையோடு கட்டிவிடுங்கள். அப்படியே சொருகினாலும் ஓடுகிறதே என்பவர்கள் இருக்கிறார்கள். போர்டில் அந்தக் கால் எதோடும் சேராமல் அந்தரத்தில் தொங்கினால் ஏ8 தோன்றியபடி 0க்கும் 1க்கும் தாவும். இன்று ஓடும், மழை நாளில் ஓடாது. பழைய 286 போர்டுகளிலும் கார்டுகளிலும் 41256 கொட்டிக் கிடக்கும் என்பதால் இது தெரிந்திருப்பது லாபம்.

படி 5: ஓட்டைக் குடமும் ரிஃப்ரெஷும்

டைனமிக் ரேமின் ஒவ்வொரு அறையும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு துளிக் கெப்பாசிட்டரும்தான். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம். சில மில்லிவினாடிகளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றாவிட்டால் வற்றிவிடும். அப்படி ஊற்றுவதுதான் ரிஃப்ரெஷ். ஒரு வரிசையைத் தொட்டால் அந்த வரிசை முழுவதும் நிரம்பும் என்பது மட்டும்தான் நிம்மதி.

4116இல் 128 வரிசைகள், எல்லாவற்றையும் 2 மில்லிவினாடிக்குள் தொடவேண்டும். 4164க்கு வரும்போது உற்பத்தியாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். என்இசி, ஹிட்டாச்சி, ஃபுஜிட்ஸு போன்றோர் 128 வரிசை, 2 மில்லிவினாடி என்ற பழைய கணக்கிலேயே நின்றார்கள். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்4164 வேறு வழி: 256 வரிசை, 4 மில்லிவினாடி. 41256 சிப்புகளும் 256 வரிசைக் கட்சிதான்.

இதனால் என்ன? ஸ்பெக்ட்ரம் போன்றவற்றில் இருக்கும் இசட்80 செயலி ஒவ்வொரு கட்டளையை எடுக்கும்போதும் ரிஃப்ரெஷ் முகவரி ஒன்றைத் தானே வெளியே அனுப்பும், ஆர் என்ற பதிவகத்திலிருந்து. அந்தப் பதிவகத்தில் எண்ணிக்கை ஏறுவது ஏழு பிட்டில் மட்டும். 128க்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. ரிஃப்ரெஷ்ஷுக்கு இசட்80ஐ மட்டுமே நம்பியிருக்கும் கணினியில் 256 வரிசைச் சிப்பை வைத்தால் பாதிக் குடங்களுக்குத் தண்ணீர் போகாது. கணினி துவங்கும், சிறு நிரல் ஓடும், பெரிய விளையாட்டு ஒன்றை ஏற்றிப் பத்து நிமிடம் ஆனதும் உளறும். இந்த மாதிரிப் பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தலைமுடி நரைத்துவிடும். இசட்80 கணினிக்கு 64கே வாங்கினால் 128 வரிசை வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கொமடோர் 64இல் இந்தக் கவலையில்லை. அங்கே ரிஃப்ரெஷ் வேலை படச் சிப்பான விஐசியுடையது. திரையின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஐந்து வரிசைகளைத் தொடும், எட்டு பிட் எண்ணியோடு. ஒரு கோடு சுமார் 64 மைக்ரோவினாடி. 256 வரிசைக்கு 51 கோட்டுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 3.3 மில்லிவினாடி. நான்குக்குள் அடங்கிவிட்டது. 128 வரிசைச் சிப்புக்கு அதில் பாதி, இரண்டுக்குள் அடங்கிவிட்டது. எந்தக் கட்சியானாலும் ஓடும்.

முந்தைய படியில் சொன்ன மாற்றத்தில் ஏ7 ஒரே இடத்தில் கட்டப்பட்டிருப்பதால் அங்கேயும் இந்தப் பிரச்சினை எழாது. தண்ணீர் போகாத பாதி வரிசைகளை யாரும் பயன்படுத்துவதே இல்லை.

ஒரு சின்னக் கிளைக்கதை. 48கே ஸ்பெக்ட்ரத்தின் மேல் 32கேயில் இருப்பவை 32கே சிப்புகள் என்று பெயர் போட்டிருக்கும்: டிஎம்எஸ்4532, அல்லது எம்எஸ்எம்3732. உண்மையில் இவை பாதி கெட்டுப்போன 64கே சிப்புகள். நல்ல பாதி எது என்று முதுகில் குறித்து, மலிவாக விற்றார்கள். கெட்டது என்று தூக்கியெறியாமல் பாதியைக் காசாக்கிய சாமர்த்தியம். போர்டில் ஒரு சிறு இணைப்புக் கம்பி எந்த நிறுவனம், எந்தப் பாதி என்பதைச் சொல்லும். அதனால் எட்டும் ஒரே வகையாக இருக்கவேண்டும். இன்று அவற்றைத் தேடி அலையவேண்டாம். முழு 4164 எந்தப் பாதி கேட்டாலும் தரும். இணைப்புக் கம்பியை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள்.

படி 6: வேகம்

கோடு போட்டு வரும் பின்னொட்டு எண்தான் வேகம். −15 என்றால் 150 நானோவினாடி, −20 என்றால் 200. சின்ன எண் வேகமானது. அசலுக்குச் சமமாகவோ வேகமாகவோ இருந்தால் போதும். 200 இருந்த இடத்தில் 150 வைப்பது சரி, 150 இருந்த இடத்தில் 200 வேண்டாம்.

ஒற்றை இலக்கம் இருந்தால் கவனம். மாஸ்டெக் 4116இல் −2 என்றால் 150, −3 என்றால் 200, −4 என்றால் 250. என்இசி 416இல் தலைகீழ்: −2 என்றால் 200, −3 என்றால் 150. ஒற்றை இலக்கத்தைப் பார்த்தால் டேட்டாஷீட்டைத் திறந்துவிடுங்கள், ஊகிக்காதீர்கள்.

படி 7: வாங்குவது

மூன்று வழி உண்டு. பயன்படாமல் கிடந்த பழைய சரக்கு, பழைய போர்டுகளிலிருந்து கழற்றியவை, சீனாவிலிருந்து குழாய்க் குழாயாக வரும் மலிவுச் சரக்கு. முதலாவது விலை அதிகம், பெயருக்கு ஏற்ற சுத்தம் எப்போதும் இருக்காது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. சாக்கெட்டில் இருந்து கழற்றிய சிப் ஒரு காலத்தில் ஓடியதற்காவது சாட்சி உண்டு. பழைய இரும்புக் கடையில் எண்பதுகளின் கார்டுகளைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது வரிசையாக நிற்கும் 16 கால், 18 கால் சிப்புகளைத்தான். பழைய பட அட்டைகளில் 41464 பல முறை கிடைத்திருக்கிறது.

மூன்றாவது வழியில் ஒருமுறை அடிபட்டேன். 4116 என்று கேட்டதற்குப் பளபளவென்று இருபது சிப்புகள் வந்தன. இருபதிலும் ஒரே தேதி, ஆனால் அடிப்பக்கத்து அச்சுக்குழிகள் இரண்டு விதம். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் முதுகைத் துடைத்ததும் கறுப்புச் சாயம் பஞ்சோடு வந்தது. அடியில் வேறு எண். சுரண்டிவிட்டு மேலே சாயம் பூசி, புதுப்பெயர் அச்சிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்தச் சரக்கு வந்தாலும் ஒன்றைத் துடைத்துப் பார்க்காமல் விடுவதில்லை. முதுகுப் பரப்பும் ஓரமும் ஒரே நிறத்தில் இருக்கிறதா, 1ஆம் காலைக் காட்டும் குழி ஆழமாக இருக்கிறதா அல்லது சாயத்தால் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில தயாரிப்புகளுக்குப் பழுதுபார்ப்பவர்களிடம் நல்ல பெயர் இல்லை. கொமடோர் 64இல் வரும் மைக்ரானின் 4264 அப்படிப்பட்டது. பழுதான போர்டில் அதைக் கண்டால் பலர் சோதிக்காமலே முதலில் அதன் மேல்தான் கை வைப்பார்கள். மாற்றாக அதைத் தேடி வாங்க அவசியமில்லை.

எட்டு தேவை என்றால் பத்து வாங்குங்கள். ஆர்டுயினோவை வைத்துச் செய்த எளிய டைனமிக் ரேம் சோதனைக்கருவி ஒன்று இருந்தால் சொருகும் முன்பே பத்தையும் சோதித்துவிடலாம். 4116க்குச் செய்வதாக இருந்தால் அது மூன்று வோல்டேஜும் தருகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எல்லாம் வேண்டாம், கணினி ஓடினால் போதும் என்பவர்களுக்கு, எட்டு சிப்பின் இடத்தில் ஒரே ஸ்டேட்டிக் ரேமை வைக்கும் நவீனச் சிறு போர்டுகளும் கிடைக்கின்றன. சூடு இல்லை, ரிஃப்ரெஷ் இல்லை. பழைய கணினியைத் திறந்தால் எட்டு சிப்பும் அணிவகுத்து நிற்கவேண்டும் என்பது என் கிறுக்கு, அதனால் நான் போட்டதில்லை. தினமும் விளையாடக் கொடுக்கும் கணினி என்றால் தாராளமாகப் போடலாம்.

படி 8: கழற்றுவதும் மாட்டுவதும்

பழைய சிப் செத்துவிட்டது உறுதி என்றால் அதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கூர்மையான கட்டரால் பதினாறு கால்களையும் உடலோடு ஒட்டி வெட்டுங்கள். பிறகு ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இடுக்கியால் எடுங்கள், கடைசியில் ஓட்டையில் மிச்சமிருக்கும் ஈயத்தை உறிஞ்சுங்கள். முழுச் சிப்பாக இழுக்கப் போனால் நாற்பது வயது போர்டின் செப்புப் பாதை கையோடு வந்துவிடும். சிப் இரண்டு ரூபாயோ இருநூறு ரூபாயோ, போர்டுக்கு மாற்று இல்லை.

சாக்கெட் போட்டே ஆகவேண்டும். கடைசல் பின் வைத்த வட்டத்துளைச் சாக்கெட் நல்லது. கால் கறுத்த பழைய சிப்பாக இருந்தால் அழிப்பானால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுச் சொருகுங்கள்.

முதலில் ஒரு சிப்பை மட்டும் போட்டு மின்சாரம் கொடுத்து, அதன் 1, 8, 9ஆம் கால்களை மறுபடியும் அளங்கள். சுமை ஏறியபின் வோல்டேஜ் படுத்துவிடுகிறதா என்று இப்போதுதான் தெரியும். சரியாக இருந்தால் அணைத்துவிட்டு மீதி ஏழையும் போடுங்கள். துவங்கிவிட்டது என்பதற்காக மூடியைத் திருகிவிட வேண்டாம். ரேம் சோதனை நிரல் ஒன்றை ஓடவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். குளிரில் தேறி, சூட்டில் தோற்கும் சிப்புகள் நிறைய. நான் நடுவில் முடி உலர்த்தும் டிரையரால் வரிசை மேல் மெதுவாகச் சூடு காட்டுவேன். அப்போதும் நின்றால்தான் மூடி.

மிஞ்சிய இரண்டு சிப்புகளைக் கடைக்காரர் குத்திக் கொடுத்த கறுப்புப் பஞ்சிலேயே வைத்துவிடாதீர்கள். அந்தப் பஞ்சு சில வருடங்களில் பிசுபிசுத்துக் கால்களை அரித்துவிடும். பிளாஸ்டிக் குழாயிலோ, அலுமினியத் தாளில் சுற்றியோ வையுங்கள். மேலே எண்ணையும், 128 வரிசையா 256 வரிசையா என்பதையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை டப்பாவைத் திறக்கும்போது அது நினைவில் இருக்காது.